பைலட் ஆசையும் தோட்டத்து வீட்டுக் கணக்கும்

லுக்குட், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கப்போகும் விமானம் தலைக்கு மேலேயே போகும். லாபுவில் தோட்ட நிலத்திலேயே மலிவுக் கட்டண விமான நிலையம் வரப்போகிறது என்று 2009 தொடக்கத்தில் பேச்சு அடிபட்டது. சில வாரங்களிலேயே அது கைவிடப்பட்டது. விமானத்தைப் பார்த்தே வளரும் பிள்ளை "சார், நான் பைலட் ஆகணும்" என்றால், நாம் சொல்லும் பதில் என்ன? "அதுக்கு ரெண்டு மூணு லட்சம் வெள்ளி ஆகும்பா!"

தொகை பொய்யில்லை. ஆனால் அது வணிக விமானி உரிமம் வரைக்குமான முழுப் படிப்பின் செலவு. தொடங்குவதற்கான செலவு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் ஒரு வீட்டில் ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளையின் கண்ணைக்கூடப் பரிசோதிக்காமல், அப்பாவின் இபிஎஃப் பணத்தை எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

மாணவர்களே, வயதைப் பாருங்கள். மாணவ விமானி உரிமத்துக்கு 16, தனியார் விமானி உரிமத்துக்கு 17, வணிக விமானி உரிமத்துக்கு 18. படிவம் 4, 5 படிக்கும் இரண்டு ஆண்டுகளில் காசில்லாமலே நிறையச் செய்யலாம்.

முதலில் கண். கண்ணாடி போட்டவர்கள் பைலட் ஆக முடியாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 இருந்தால் வணிக விமானிக்குப் போதும். பலரைத் தடுப்பது நிறப்பார்வைதான். புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டையைக் கண்ணாடிக் கடையிலேயே காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். அதில் தடுமாறினால், பணம் கட்டுவதற்கு முன்பே விமான மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது பாடம். அமெரிக்க விமானத்துறை வெளியிடும் 'பைலட்ஸ் ஹேண்ட்புக் ஆஃப் ஏரோநாட்டிகல் நாலெட்ஜ்' இணையத்தில் இலவசம். 'பிளைட்கியர்' என்ற பாவனைப் பறப்பு மென்பொருளும் இலவசம். ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே பயன்படுத்தலாம். 90 நாட் வேகமுள்ள சிறு விமானம் நேர் வடக்கே போக வேண்டும். கிழக்கிலிருந்து 20 நாட் காற்று அடிக்கிறது. மூக்கை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும்? சைன் மதிப்பு 20/90. விடை, கிழக்கே சுமார் 13 பாகை. தரைவேகம் சுமார் 88 நாட். வெக்டர் எதற்கு என்று கேட்கும் பையனுக்கு இந்த ஒரு கணக்கு போதும். ஆங்கிலத்தையும் விடாதீர்கள். அனைத்துலகப் பறப்புக்கு ஆங்கில வானொலித் தொடர்பில் குறைந்தது 4ஆம் நிலைத் தேர்ச்சி வேண்டும். எழுத்துத் தேர்வு இல்லை, பேசிக் காட்ட வேண்டும்.

பள்ளியில் கடெட் படையின் வான்பிரிவு இருந்தால் சீருடை இயக்கமாக அதையே எடுங்கள். விமானப்படையில் விமானியாகத் தேர்வானால் பயிற்சிச் செலவு அரசாங்கத்துடையது. போட்டி கடுமை, உடல்தகுதி விதிகளும் கடுமை. ஆனாலும் தோட்டத்துக் குடும்பத்துக்கு லட்சங்கள் இல்லாத வழி இதுதான்.

பணம் செலவழிக்கும் முதல் நாள், சோதனைப் பறப்பு நாளாக இருக்கட்டும். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, சிறிது நேரம் நீங்களே கட்டுப்பாட்டைப் பிடிக்கலாம். சில நூறு வெள்ளி ஆகும். தம்பின், கெமாஸ் பக்கத்தவர்கள் மலாக்கா பத்து பெரெண்டாமில் விசாரிக்கலாம். சிரம்பான்காரர்களுக்குச் சுபாங் பக்கம். வாந்தி வருதா, பயமா, இன்னும் ஆசை கூடுதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆசை கூடினால், வேலை பார்த்துக்கொண்டே தனியார் உரிமத்தை மணி மணியாகச் சேர்க்கலாம். அனைத்துலக விதி கேட்பது குறைந்தது 40 மணி நேரம். அதில் 10 தனிப்பறப்பு. பலருக்கு 50, 60 மணி ஆகிவிடும். பட்ஜெட்டை 60க்குப் போடுங்கள். மணிக் கட்டணத்தில் எரிபொருள், பயிற்றுநர், தரையிறங்கும் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். மொத்தமாக முன்பணம் கேட்டால் யோசியுங்கள். பறந்த மணிக்கு மட்டும் கட்டும் இடமாகத் தேடுங்கள். நீண்ட இடைவெளி விட்டால் பழைய பாடத்தையே மறுபடி பறக்க வேண்டிவரும். அதனால் ஆறேழு மணிக்கான காசு கையில் சேர்ந்த பிறகு அடுத்தடுத்த வாரங்களில் தொடர்ச்சியாகப் போங்கள். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் நேரத்தை எழுதி, பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்காமல் வீடு திரும்ப வேண்டாம்.