மாசத்துல ரெண்டு நாள்தானே?

"ரெண்டு நாள்தானுங்க டீச்சர், திங்கக்கிழமை வந்துருவானுங்க." ஊரில் நோம்பி சாட்டிவிட்டால் கொங்குப் பக்கத் தொடக்கப் பள்ளிகளில் இந்தப் பேச்சுதான். அமுச்சி வீட்டில் மாவிளக்கு, மறுநாள் மஞ்சள் நீராட்டு, அதற்கும் மறுநாள் கறிவிருந்து. நோம்பிக்குப் போக வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான். கணக்கை மட்டும் பாருங்கள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். மாதம் 2 நாள் விட்டால் பத்து மாதத்தில் 20 நாள். பத்தில் ஒரு பங்கு படிப்பு போச்சு. மொத்தமாகப் போனால் பதறியிருப்போம், சில்லறையாகப் போவதால் தெரிவதில்லை. தாமதமும் அப்படித்தான். தினம் 10 நிமிடம் பிந்தினால் ஆண்டுக்கு 33 மணி நேரம். நாளுக்கு 4 மணி நேரம் என்று வைத்தால் எட்டு நாளுக்கு மேல், லீவு லெட்டர் எழுதாமலே போட்ட லீவு.

பிள்ளைக்குச் சோம்பல் என்பது பெரும்பாலும் வீண்பழி. திருப்பூர்ப் பக்கம் அம்மா பனியன் கம்பெனி வேனுக்கு ஓடுகிறார். சோமனூர், பல்லடம் பக்கம் அப்பா ராத்திரி முழுக்கத் தறி ஓட்டிவிட்டு வந்து படுத்திருப்பார். ஏழு வயசுப் பிள்ளை தானே தலை வாரி, ஒற்றை சாக்ஸைத் தேடி, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். கிளம்பு கிளம்பு என்று விரட்ட ஆள் இல்லாத வீட்டில் ராத்திரியே பாதி வேலையை முடித்துவிடுவதுதான் வழி. பை, சீருடை, செருப்பு எல்லாம் படுக்கும் முன் கதவோரம் வந்துவிடட்டும். டிவியும் செல்போனும் ஒன்பது மணிக்கு அணையட்டும். அதே தெருவில் படிக்கும் பெரிய பிள்ளை ஒன்றோடு சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. கூட்டாளி வாசலில் நின்று கூப்பிட்டால் தானே எழுந்து ஓடும்.

சாப்பாட்டுக் கவலை இப்போது பாதி குறைந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எதுவானாலும் மணியடிக்கும் முன் பரிமாறிவிடுவார்கள். மத்தியானச் சோறு பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்தது. இது நேரத்துக்கு வரவழைக்கிறது. உப்புமாவைக் கேலி செய்கிறவர்கள் வெறும் வயிற்றோடு வாய்ப்பாடு சொல்லிப் பார்க்கட்டும்.

லேசான சளிக்கெல்லாம் லீவு போட வேண்டியதில்லை. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், டீச்சருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அடிக்கடி திங்கட்கிழமைகளில் மட்டும் வயிறு வலித்தால் மருந்துக் கடைக்குப் போகும் முன் பிள்ளையிடம் பேசுங்கள். பக்கத்தில் உட்காரும் பையன் கிள்ளுகிறானா, கழிவறைக்குப் போகப் பயமா என்று தெரியவரலாம். கழிவறைதான் காரணம் என்றால் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்.

வேலைக்காக வீடு மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது, ஆண்டின் நடுவில் போனாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து மில் குடியிருப்பில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கும் இதே சட்டம்தான். பக்கத்து லைன் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை பகலெல்லாம் விளையாடிக்கொண்டிருந்தால், தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.