பனிமேல் ஓர் இரவு

பனி என்னும் சொல்லைத் தமிழில் நாம் மிகத் தாராளமாக வழங்கி வருகிறோம். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. தெருவை மறைக்கும் மூட்டமும் பனி. இமயத்தில் முழங்கால் புதையக் கிடக்கும் வெண்மையும் பனியே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்க்கு இதனால் அலுவலகத்தில் நேரும் சங்கடம் ஒருபுறம் இருக்கட்டும். முன்னிரண்டும் எல்லோரும் அறிந்தவை. மூன்றாவதன் மீது கூடாரம் அடித்து ஓர் இரவைக் கழிக்கும்போது உடலுக்கு நேர்வது யாது என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், குடியரசு தின விடுமுறையை ஒட்டி, தில்லியில் பணிபுரியும் நண்பர்கள் நால்வர் உத்தராகண்ட மாநிலத்தின் உத்தரகாசி மாவட்டத்திலுள்ள சாங்க்ரி என்னும் சிற்றூருக்குச் சென்றோம். தேராதூனிலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஊரின் உயரம் 1,950 மீட்டர் அளவில் இருக்கும். கேதார்காந்தா சிகரத்திற்குச் செல்வோர் முதல்நாள் மாலையில் ஜூடா கா தாலாப் என்னும் ஏரிக்கரையில் தங்குவது வழக்கம். அது சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிகரம் ஏறும் பேராசை எங்களுக்கு இல்லை. நாற்காலியிலேயே நாற்பதைக் கடந்த கால்களாதலால், ஏரிக்கரையில் ஓரிரவு தங்கித் திரும்புவதென்றே தீர்மானித்திருந்தோம்.

குளிர் என்பது வெளியிலிருந்து உடலுக்குள் புகும் ஒன்று என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உள்ளே புகுவது ஏதுமில்லை; உடலின் வெப்பம் வெளியே போகிறது, அவ்வளவே. அது போகும் வழிகள் பல. வீசும் காற்று மேனியைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பை வாரிச் செல்லும். ஈர உடை வெப்பத்தை உறிஞ்சும். அடியிலுள்ள பனித்தரை படுத்திருப்பவரின் முதுகிலிருந்து ஓசையின்றி வெப்பத்தைக் கவரும். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. ஐஸ் வியாபாரி கட்டியை மரத்தூளிலும் சாக்கிலும் பொதிந்து வைப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே வெளிவெப்பம் உள்ளே புகாமல் தடுக்கும் அதே காற்றிடுக்குகள்தாம், இங்கே நம் வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றன. இறகு அடைத்த உறங்குபையும் இத்தகையதே. ஆனால் நம் பாரத்தால் முதுகுப்புறத்து இறகு நசுங்கி, காற்று வெளியேறிவிடும். ஆதலின் அடியில் தடித்த நுரைப்பாய் விரித்தே தீரவேண்டும். இதனை எங்களுக்குச் சொன்னவர்கள் உண்டு; செவிமடுத்தவர் எங்களுள் இருவரே.

மற்றொரு பிழையும் செய்தோம். ஏற்றத்தில் வியர்த்தபோது மேலங்கியைக் கழற்றாமல் நடந்தோம். எங்களுள் ஒருவர் உள்ளே அணிந்திருந்தது பருத்திப் பனியன். சென்னைக்கும் மதுரைக்கும் அதைவிடச் சிறந்த உடை இல்லை. பனியில் அதைவிடக் கேடானதும் இல்லை. பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. ஏரியை அடைந்து நடை நின்றதும், நனைந்த துணி அவர் உடலைக் குளிரச் செய்யத் தொடங்கிற்று.

ஏரி உறைந்திருந்தது. சுற்றிலும் ஓக், பைன் மரங்கள். அங்கே குடிநீருக்குப் பனியைத்தான் உருக்கவேண்டும். பானை நிறையப் பனி திணித்தால் அடியில் சிறிதளவே நீர் தேறும். ஒரு கிராம் பனியை உருக்க மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும்; அதே வெப்பம் உருகிய நீரை ஏறக்குறைய 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது. தாகத்திற்குப் பனியை வாயில் போட்டுக்கொள்வது ஏன் தவறு என்பது இதனாலேயே விளங்கும்: அந்த வெப்பத்தை உடலே தரவேண்டியிருக்கிறது. அந்த உயரத்தில் நீர் 91 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பு எளிதில் வேகாது.

இரவு எட்டு மணிக்கு வெப்பமானி பூஜ்யத்திற்குக் கீழே 9 பாகை காட்டியது. பனியன் நண்பர் நிற்காமல் நடுங்கினார். ஒருவர் ரம் குப்பியை நீட்டினார். மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்வெப்பத்தை மேனிக்குக் கொணர்ந்து விரயமாக்கும்; சூடேறியது போன்ற உணர்வு வெறும் ஏமாற்று. நல்லவேளையாக அவர் அதைப் பருகவில்லை. ஆனால் அடுத்து நாங்கள் செய்தது அதனினும் கொடியது. சமையல் கூடாரத்து அங்கீட்டியிலிருந்து தணலை ஓர் இரும்புத்தட்டில் ஏந்திவந்து எங்கள் கூடாரத்தில் வைத்து, வாயிலையும் காற்றுத்துளைகளையும் இறுக மூடினோம். எதிர்த்தவர் எவருமில்லை. இதமான சூடு, பேச்சு குறைந்தது, கண்கள் செருகின.

வழிகாட்டியாக வந்த கிராமத்து இளைஞர் தற்செயலாக எட்டிப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல் தட்டை இழுத்து வெளியே பனியில் கொட்டிவிட்டு, வாயிலைத் திறந்துபோட்டார். "இதை உள்ளே வைத்து யாரும் தூங்கக்கூடாது, சாப். குளிர் தாங்காவிட்டால் என்னை எழுப்புங்கள்" என்றார்.

தணல் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இதனைப் பிணைத்துக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயு இன்றித் தவிக்கும். உறங்குபவர் விழிப்பதில்லை. அங்கீட்டியை அறைக்குள் வைத்து உறங்கி மாண்டோரைப் பற்றித் தில்லி நாளேடுகளில் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். படித்தும் நாங்கள் அதையே செய்தோம்.

பின்னர் அவ்விளைஞர் நண்பரைக் கவனித்தார். பெயரையும் ஊரையும் கேட்டார். சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். நடுக்கம் என்பது தசைகள் வெப்பம் உண்டாக்கும் முயற்சி. அது இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. குளிர் தணியாமலே நடுக்கம் நின்று, நாக்குழறி, விரல்கள் பொத்தானுக்கு வசப்படாமற் போனால் உயிருக்கே ஆபத்து. நண்பருக்குப் பேச்சு தெளிவாக இருந்தது. ஈரப் பனியனைக் களைந்து உலர்ந்த கம்பளிச் சட்டை அணிவித்தார். தம்முடைய நுரைப்பாயையே அடியில் விரித்தார். வெந்நீர் நிரம்பிய புட்டியைக் காலுறைக்குள் நுழைத்து உறங்குபையில் வைத்தார். கடலை மிட்டாய் தின்னக் கொடுத்தார். உண்ட உணவுதான் இரவெல்லாம் உள்ளே எரியும் விறகு. அரைமணியில் நடுக்கம் தணிந்தது.

காற்றுத்துளைகள் விடியும்வரை திறந்தே இருந்தன. மூடியிருந்தால் நால்வரின் மூச்சிலுள்ள ஈரம் துணிச்சுவரில் உறைந்து, காலையில் முகத்தில் உதிர்ந்திருக்கும். குடிநீர்ப் புட்டிகளை அவர் தலைகீழாக நிறுத்தியிருந்தார். பனிக்கட்டி நீரைவிட இலேசானது. மேற்புறத்திலேயே முதலில் உறையும். ஆதலால் காலையில் மூடி தடையின்றித் திறந்தது.

எழுந்தபோது எங்களுள் இருவருக்குத் தலைவலி. உயரத்தால் வரும் நோய்க்கும் தணற்புகையின் நஞ்சுக்கும் தலைவலியே முதல் அறிகுறி. எதனால் வந்ததென்று அவ்விடத்தில் பிரித்தறிய வழியில்லை. இளைஞர் அதை ஆராயவும் இல்லை. தேநீர் ஆனதும் மூட்டைகளைக் கட்டச் சொல்லிவிட்டார். சாங்க்ரியை அடைவதற்குள் வலி நீங்கியிருந்தது.