மின்னஞ்சலிற் சிதையும் எழுத்துக்கள்

அச்சுக்கூடத்தினுள் நின்று பார்த்தோர், அச்சுக் கோப்பவர் பெட்டியை நோக்காமலே அறையறையாகக் கைவைத்து எழுத்தெடுக்கும் விரைவை வியந்திருப்பர். அவர் கை அறிந்தது எழுத்தையன்று, அறை இருக்குமிடத்தையே. அறைகள் வேறு முறையாக வகுக்கப்பட்ட பெட்டியொன்றன்முன் அவரை நிறுத்தினால், ககரத்துக்கு நீட்டிய கை மகரத்தை எடுத்துவரும். மின்னஞ்சற் கடிதங்களில் எழுத்துச் சிதைந்து வருவதும் இவ்வாறேயாம். கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 'பைட்' என்னும் ஓரலகில் 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்று அடங்கும். எவ்வெண் எவ்வெழுத்து என்பதோ, அனுப்புவோரும் பெறுவோரும் செய்துகொண்ட உடன்பாடு மாத்திரமே.

1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 'ஆஸ்கி' முறையில் 128 இடங்களே உள. ஆங்கிலத்துக்கு அவை போதும். 1982-இல் மின்னஞ்சலைக் கொண்டுசெல்லுதற்கு ஏற்பட்ட விதியும் அவ்வளவையே கருதிற்று. ஆதலின், அதற்கு மேற்பட்ட எண்களைச் சுமக்கும் எட்டாவது பிட்டை இடைவழிப் பொறிகள் சில அறுத்தெறிந்துவிட்டன. ருஷ்யர் வழங்கிய 'கோய்-8' முறை இவ்விடருக்கு ஈடுகொடுத்த வகை இனிது. அதில் ருஷ்ய எழுத்துக்கள் தம் அகர வரிசையில் நில்லாமல், ஒலியொத்த ரோம எழுத்துக்கு நேர் 128 இடம் தள்ளி நிற்கின்றன. எட்டாவது பிட் அறுந்தபோதும், 'பிரிவேத்' என்னும் வாழ்த்துச்சொல் ரோம எழுத்தில், பெரியதும் சிறியதும் தலைமாறியதாய், படிக்கத்தக்க நிலையிலேயே வந்துசேரும். இத்துணை முன்யோசனையை வேறோரிடத்து யாம் கண்டிலேம்.

1992-இல் 'மைம்' என்னும் விதி வந்தது. இக்கடிதம் இன்ன முறையில் எழுதப்பட்டது என்று தலைப்பிலே ஒரு சீட்டு ஒட்டியனுப்புவது அதன் ஏற்பாடுகளுள் ஒன்று. சீட்டு ஒட்டாதவரும், தவறாக ஒட்டியவரும் பலர். கடிதங்களைத் தொகுத்து வைத்தோரிற் சிலர் உடலைப் பேணித் தலைப்பை நீக்கிவிட்டனர்.

1990-களில் தமிழர் நிலை இன்னும் சிக்கலானது. எழுத்துருச் செய்தோர் தத்தம் போக்கில் மேல் 128 இடங்களிலே தமிழை நிரப்பினர். பாபேலிற் கலங்கியது பேச்சு. ஈண்டுக் கலங்கியது எழுத்து. இம்முறைகளுட் பலவற்றுக்குச் சீட்டில் எழுதத்தக்க பெயரேனும் இல்லாமையால், தமிழ்க் கடிதங்கள் மேலைநாட்டெழுத்து என்னும் பொய்ச்சீட்டோடு உலாவின. பின்னர்த் 'திஸ்கி' என்னும் பொது முறை எழுந்தது. 1999-இல் தமிழ்நாட்டரசு 'டாம்', 'டாப்' என்னும் இரண்டை ஏற்றது. இவற்றிலுள்ளதை இக்காலத்து யுனிகோட்டுக்கு மாற்றுவோர் எண்ணுக்கு எண் மாற்றினாற் போதாது. திஸ்கியில் 'கெ' என்பதற்கு, அச்சுக் கோப்பவர் செய்வது போலவே, கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கும். யுனிகோட்டில் ககரம் முன், கொம்பு பின். ஆதலின் வரிசையையும் மாற்றல் வேண்டும்.

யுனிகோட் என்பது உலகின் எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் முறை; அதன் முதற்பதிப்பு 1991-இல் வந்தது. அகரத்தின் எண் 2949. 'யூடிஎஃப்-8' என்னும் வழியிற் செலுத்துங்கால் அது 224, 174, 133 என மூன்று பைட்டுகளாகும். பெறும் பொறி இவற்றை 'விண்டோஸ்-1252' என்னும் மேலைநாட்டு முறையிற் படித்தால், தலையிற் கோடிட்ட ஒரு ரோம எழுத்தும், வட்டத்துள் அடைபட்ட மற்றோரெழுத்தும், மூன்று புள்ளிகளும் தோன்றும். இதனாற் கலங்க வேண்டுவதில்லை. தோற்றமே பிழை, எண்கள் கெடவில்லை. சரியான முறையைச் சொன்னவுடன் தமிழ் மீண்டுவிடும்.

கேடு விளைவது, அப்பிழைத் தோற்றத்தையே மெய்யென்று கொண்டு மறுபடி சேமிக்கும்போதாம். மேற்சொன்ன மேலைநாட்டு முறையில் 129, 141, 143, 144, 157 என்னும் ஐந்து இடங்கள் வெறுமையாய் உள்ளன. நம் உகரக் குறியும் புள்ளியும் முதலிரு பைட்டில் ஒத்தவை. உகரக் குறியின் மூன்றாம் பைட் 129, புள்ளியினது 141. வெற்றிடத்தைக் கண்ட பொறிகள் சில அங்கே வினாக்குறி இட்டுவிடும். இட்டபின் இரண்டற்கும் வேற்றுமை இல்லை. எழுதினவர் 'கண்' என்றாரோ 'கணு' என்றாரோ, அதை எப்பொறியும் சொல்லமாட்டாது. தனித்து வரும் ஏகாரமும் ஐகாரமும் 143, 144 ஆதலின் அவற்றின் கதியும் இதுவே. உரைநடையாயின் முன்பின் நோக்கி ஊகிக்கலாம். ஒருவர் பெயரோ, சிற்றூரின் பெயரோ, ஏட்டின் பாடபேதமோ ஆயின் ஊகம் எங்ஙனம் உதவும்?

எனவே, பழைய மின்னஞ்சல்களை வைத்திருக்கும் அன்பர்கள், வந்தபடியே தலைப்போடு ஒரு படியைத் தொடாது வைத்துவிட்டு, மற்றொரு படியிலே திருத்தம் செய்து பார்ப்பாராக. தலைப்பு இழந்த கடிதத்துக்கும் ஒரு துப்பு உண்டு. எண்களை விரித்துப் பார்க்குமிடத்து, 224 மூன்று இடத்துக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வந்து, அதனையடுத்து 174 அல்லது 175 நிற்குமாயின், அது யூடிஎஃப்-8 முறையில் எழுதிய தமிழ் என்று துணியலாம்.