மேடை வீரமும் மெய் வரலாறும்

சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கிவிட்டால் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராம்புரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு புதிய சுறுசுறுப்புப் பிறந்துவிடுகிறது. அலமாரியின் அடியிலிருந்து அட்டை வாள் வெளியே வருகிறது. வாடகைக் கடையிலிருந்து சரிகை அங்கியும் பொன்வண்ணத் தலைப்பாகையும் வந்து சேர்கின்றன. கண்மையால் வரைந்த முறுக்கு மீசையோடு எட்டு வயதுக் கட்டபொம்மன் ஒருவன் கூடத்தில் உலவத் தொடங்குகிறான். வரி கேட்ட வெள்ளைக்காரனை நோக்கி அவன் முழங்கும் முழக்கம் அடுத்த வீட்டாரையும் எட்டிப் பார்க்கச் செய்கிறது.

முன்னாட்களில் திரை விழுந்ததும் அந்த வீரமும் முடிந்துவிடும். இன்று அப்படியன்று. மேடைக்கு முன்னே ஐம்பது கைப்பேசிகள் உயர்கின்றன. விருந்து முடிவதற்குள் அக்காட்சி யூடியூபில் ஏறி, திருநெல்வேலியில் இருக்கும் பாட்டியையும் சிங்கப்பூரில் இருக்கும் மாமாவையும் சென்றடைகிறது. ஊரை விட்டு வந்த நமக்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், சென்ற ஒத்திகையின்போது ஒரு சிறுவன் கேட்ட கேள்வி நம் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. "இதெல்லாம் கட்டபொம்மன் உண்மையாகவே பேசியதா, அல்லது படத்தில் பேசியதா?" என்று அவன் கேட்டான். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நாமும் உடனே விடை கூற இயலாமல் நின்றோம். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

திரையும் ஆவணமும்

நம் பிள்ளைகள் முழங்கும் அந்த வசனம் 1959ல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்னும் திரைப்படத்தில் உள்ளது. எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. சிவாஜி கணேசன் அதை முதலில் நாடகமாக மேடையில் நடித்து, பின்னர்த் திரையிலும் நடித்தார். 1960ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசும் பெற்றார். திருமண வீட்டு ஒலிபெருக்கிகளெல்லாம் அவ்வசனத்தை முழங்கிய காலம் ஒன்றிருந்தது. கலை என்ற அளவில் அதற்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால் ஆவணங்கள் சொல்லும் கதை வேறு. அதைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலிலும் காணலாம். 1798ல் கட்டபொம்மன் செலுத்த வேண்டியிருந்த கப்பத்தின் நிலுவை 3310 பகோடாக்கள். கலெக்டர் ஜாக்சன் அவரை இராமநாதபுரத்துக்கு வரும்படி ஆணையிட்டார். இடையில் குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பாளையக்காரர் நேரிற்காண முயன்றும் கலெக்டர் இணங்கவில்லை. கடைசியில் அவ்வாண்டு செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அங்கே கட்டபொம்மனும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டனர். கணக்கைப் பார்த்தபோதோ, பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1080 பகோடாக்களே பாக்கி என்று தெரிந்தது!

பிறகு நடந்தது கைகலப்பு. ஊமைத்துரையின் துணையோடு கட்டபொம்மன் கோட்டையினின்று தப்பினார். லெப்டினன்ட் கிளார்க் என்ற ஆங்கில அதிகாரி மாண்டார். அமைச்சர் சிறைப்பட்டார். கட்டபொம்மன் சும்மா இருக்கவில்லை; சென்னையிலிருந்த கம்பெனி ஆட்சிக்கு முறையீடு எழுதினார். மூவர் கொண்ட குழு விசாரித்தது. முடிவில் அமைச்சர் விடுவிக்கப்பட்டார். ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு பகை மீண்டும் மூண்டது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். புதுக்கோட்டைப் பகுதியிற் பிடிபட்ட கட்டபொம்மன் அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார்.

வாசகர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறோம். இந்த மெய்க்கதையால் வீரரின் பெருமை குறைந்துவிட்டதா? வாய்வீச்சில் வென்ற மன்னனைக் காட்டிலும், கடனில் பெரும்பகுதியைச் செலுத்திவிட்டும் மூன்று மணி நேரம் நிற்க நேர்ந்த ஒரு மனிதர், அந்த அவமதிப்பைப் பொறாது எழுந்தார் என்பதன்றோ நெஞ்சைத் தொடுகிறது? வரியே கொடாதவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறோம். பின்னொரு நாள் அவர்கள் கல்லூரியில் ஆவணத்தைப் படிக்கும்போது, வீரரையே ஐயுறுவார்கள். சொல்லிக்கொடுத்த நம்மையும் ஐயுறுவார்கள்.

அடுத்த வீட்டுச் சென்னம்மா

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. நம் கன்னட அண்டை வீட்டார் பள்ளி விழாக்களில் தம் பெண்மக்களைக் கித்தூர் ராணி சென்னம்மாவாக அணிசெய்து நிறுத்துகின்றனர். அச்சிறுமியும் 'உனக்கு ஏன் கப்பம் தர வேண்டும்' என்ற பொருள்படவே முழங்குகிறாள். இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. 'கட்டபொம்மன்' படத்தை இயக்கிய பி.ஆர்.பந்துலுவே 1961ல் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா' படத்தையும் இயக்கினார். அவர் கோலார்ப் பகுதியிற் பிறந்து சென்னையிற் படமெடுத்தவர். சென்னம்மாவாக நடித்தவர் பெங்களூர் ஈன்ற பி.சரோஜாதேவி.

மெய் வரலாற்றில் கித்தூர்ப் போருக்கு மூலகாரணம் வாரிசுரிமை. சிவலிங்கப்பா என்ற இளைஞரைத் தத்தெடுத்ததை ஆங்கிலேயர் ஏற்க மறுத்தனர். 1824 அக்டோபர் 23ஆம் நாள் நடந்த போரில் கலெக்டர் தாக்கரே மடிந்தார். பின்னர்ச் சிறைப்பட்ட ராணி 1829ல் பைலஹொங்கலில் உயிர் நீத்தார். ஆக, ஒரே சுவரின் இருபுறமும் ஒரே இயக்குநர் படைத்த இரண்டு காட்சிகளை இரண்டு மொழிகளில் நம் பிள்ளைகள் வரலாறு என்று நம்பி நடிக்கின்றனர். இரு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து மெய்யைத் தேடினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பிறர் செய்யும் முறை

பழங்கால நிகழ்ச்சியை அக்காலத்து உடை, கருவி, நடைமுறை ஆகியவற்றோடு மீண்டும் நடித்துக் காட்டுவதை மேனாட்டார் ஒரு பயிற்சியாகவே வளர்த்திருக்கின்றனர். இங்கிலாந்தில் 1968ல் தோன்றிய 'சீல்டு நாட்' என்னும் சங்கம் 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின் களங்களை நடித்துக் காட்டி வருகிறது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் டவுன்செண்ட் என்ற குடும்பத்தார் அத்தகைய நடிகர்களுக்கு 18ஆம் நூற்றாண்டு உடையும் பாத்திரங்களும் விற்று வந்தனர். தம் பொருள்களை அறிமுகம் செய்ய இணையத்தில் படக்காட்சிகள் வெளியிடத் தொடங்கினர். அக்காலச் சமையல் நூலை நம் கண்முன் திறந்து, அதில் உள்ளபடி விறகடுப்பில் சமைத்துக் காட்டுவதே அவர்கள் முறை. போரும் இல்லை, வாளும் இல்லை. ஆயினும் பல இலட்சம் மக்கள் அவற்றைக் காண்கின்றனர். 'இதை நாங்கள் எவ்வாறு அறிந்தோம்' என்பதையும் காட்டுவதே அவர்கள் வெற்றியின் இரகசியம் என்று நாம் கருதுகிறோம்.

நம் நாட்டிலும், ஏன், நாம் வாழும் கருநாடகத்திலேயும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அஜந்தா குகை ஓவியத்தில் காணும் 5ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் போல ஒரு கப்பலைக் கட்டி, 'கௌண்டின்யா' என்று பெயரிட்டு, 2025 மே 21ஆம் நாள் கார்வார்த் துறைமுகத்தில் இந்தியக் கடற்படையிற் சேர்த்தனர். பலகைகளை ஆணியால் இணைக்காமல் தென்னை நார்க் கயிற்றாலே தைத்தவர்கள் கேரளத் தச்சர்கள். பழைய வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. சுவரோவியம் ஒன்றே சான்று. ஆகவே அறிஞர்கள் கணக்கிட்டு வடிவை வகுத்தனர், சென்னை ஐ.ஐ.டி.யில் மாதிரியைச் சோதித்துப் பார்த்தனர். 2025 டிசம்பர் 29ஆம் நாள் அக்கப்பல் போர்பந்தரிலிருந்து மஸ்கட் நோக்கிப் பாய்விரித்தது. அதன் படக்காட்சிகளை நாட்டு மக்கள் வீட்டிலிருந்தபடியே கண்டனர்.

அக்கப்பலின் பாயில் கண்டபேருண்டப் பறவையும், முகப்பில் யாளியும், மேல்தளத்தில் அரப்பா காலத்தைப் போன்ற கல் நங்கூரமும் உண்டு. இவை வெவ்வேறு காலத்துப் பண்பாட்டு அடையாளங்கள். ஓவியத்தினின்று வந்தது எது, கணக்கால் ஊகித்தது எது, அடையாளமாகச் சேர்த்தது எது என்று பிரித்தறிந்து காண்பவனுக்கே அக்கப்பல் முழுமையாகப் பாடம் சொல்லும். மேடைக்கும் இதே நெறி பொருந்தும்.

சான்றுகள் அருகிலேயே உள்ளன

'கப்பல் கட்டக் கடற்படை உண்டு. எளிய சங்கத்துக்கு ஏது வசதி?' என்று சிலர் கேட்கக்கூடும். பெங்களூரில் வாழ்வோர்க்கு அந்தக் கவலை வேண்டா. கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பேகூரிலிருந்து கொணர்ந்த நாகத்தரன் என்னும் வீரனின் நடுகல் அங்கே நிற்கிறது. கங்க மன்னர் காலத்தது. யானையும் குதிரையும் வில்லும் வாளும் கலந்த போர்க்களம் முழுவதும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வீரன் என்ன உடுத்தான், எதை ஏந்தினான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கட்டபொம்மன் காலத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் செல்லலாம். அங்குள்ள தரியா தௌலத் மாளிகையின் சுவரில் 1780ல் நடந்த பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டிருக்கிறது. கம்பெனிச் சிப்பாயின் சட்டையையும் துப்பாக்கியையும் அதிற் காணலாம். அது பாஞ்சாலங்குறிச்சி அன்று. ஆயினும் காலத்தால் நெருங்கியது. அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்துவதில் தவறில்லை.

1909ல் தொடங்கிய மிதிக் சொசைட்டி, பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் படமெடுத்து இணையத்திற் சேர்த்து வருவதும் நமக்குப் பெருந்துணை. இந்நகரின் பழங்கல்வெட்டுகளில் தமிழ்க் கல்வெட்டுகளும் பல உள. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு வெங்காலூரின் பெரிய ஏரிக்குக் கீழ் உள்ள நிலக்கொடையைக் குறிக்கிறது. ஏரியும் நிலமும் கொடையாளரும் எழுத்துப் பொறிக்கும் தச்சனுமாகப் பிள்ளைகள் நடித்தால், அதுவும் ஓர் அழகிய நாடகமாகுமன்றோ?

நாம் செய்யத்தக்கது

வரும் விழாவுக்கு நாம் முன்வைக்கும் யோசனை எளியது. பழைய வசனத்தை ஒழிக்க வேண்டா. பிள்ளைகள் அதைப் பேசட்டும். தமிழ் நாவிற்கு அதைப் போன்ற பயிற்சி அரிது. ஆனால் அதற்கு முன்பு, 'இது 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது' என்று ஒரு குழந்தை மேடையில் கூறட்டும். அதைத் தொடர்ந்து இராமநாதபுரக் காட்சி வரட்டும். கலெக்டர் நாற்காலியில் அமர்ந்து ஏடு புரட்டுகிறார். கட்டபொம்மனும் அமைச்சரும் பேசாமல் நிற்கின்றனர். மேடையில் ஒரு நிமிடம் முழு அமைதி. கணக்கன் '1080' என்று வாசிக்கிறான். அந்த ஒரு நிமிட அமைதி பத்து நிமிட முழக்கத்துக்கு ஈடாகும்.

படக்காட்சியாக இணையத்தில் இடும்போது மூன்று சொற்களை மறவாதிருப்போம்: சான்று, ஊகம், கற்பனை. நிலுவைத் தொகை சான்று. சிப்பாயின் சட்டை ஊகம். மேடையிற் பேசும் பேச்சு கற்பனை. இவற்றைப் படத்தின் கீழே தனிக் குறிப்பாக மட்டும் எழுதினால் போதாது. எவரேனும் அரை நிமிடத்தை வெட்டி எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால், குறிப்பு பின்தங்கிவிடும்; காட்சி மட்டும் ஊர் சுற்றும். ஆகையால் காட்சியின் மேலேயே எழுத்தாகவும், நடிப்பவர் வாய்ச்சொல்லாகவும் அவை அமைதல் வேண்டும்.

வேடம் புனைவதற்கு முன்னே, அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் குறிப்பெடுப்பதையும் தாய்மார்கள் துணி தைப்பதையும் ஐந்து நிமிடம் படமெடுத்துச் சேர்த்தால் மிகவும் சிறக்கும். வாடகைச் சரிகைக்குக் கொடுக்கும் பணத்தில் பருத்தித் துணி வாங்கி வீட்டிலேயே தைத்துவிடலாம் என்பதையும் இல்லத்தரசிகள் கவனிப்பார்களாக. அடுத்த வீட்டுச் சென்னம்மாவையும் அவள் பெற்றோரையும் அழைத்து, இரு கதைகளையும் ஒரே மேடையில் இரு மொழியிலும் நடித்தால், சங்கத்தின் பெயர் இந்நகரில் நல்ல பெயராக நிலைக்கும்.

ஊரை விட்டு வந்தவர்கள் தம்மோடு கொண்டுவருவது சிலவே. அவற்றுள் முன்னோர் கதை ஒன்று. அதைக் கலப்படமின்றிப் பிள்ளைகளின் கையிற் கொடுப்பது நம் கடமை. கேள்வி கேட்ட அச்சிறுவனுக்கு இப்போது நம்மிடம் விடை உண்டு. வரும் விழாவில் கலெக்டர் முன் நிற்கப்போகும் கட்டபொம்மன் வேடத்தை அவனுக்கே கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.