நான்கு சுவர்களிலும் அல்ஹம்ப்ரா

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 2014ஆம் ஆண்டு 'ஆர்ட்பிரைஸ்' என்னும் கலைப்போட்டி நடைபெற்றது. அந்நகரக் கலைக்கூடத்தின் ஓர் அறையில் 6½ அடி நீள, அகல, உயரம் கொண்ட மரப்பெட்டி ஒன்று தொங்கவிடப்பட்டிருந்தது. அதன் பலகைகளில் லேசர் கதிரால் அறுக்கப்பட்ட நுண்ணிய பூவேலை. உள்ளே ஒரேயொரு மின்விளக்கு. வேறொன்றுமில்லை. ஆயினும் சுவர், கூரை, தரை எங்கணும் கோலங்களும் கொடிகளும் நிழலாய்ப் படர்ந்திருந்தன.

'இன்டர்செக்‌ஷன்ஸ்' என்னும் அப்படைப்பை ஆக்கியவர் அனிலா கய்யூம் ஆகா. 1965இல் லாகூரில் பிறந்து, அங்குள்ள தேசியக் கலைக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய பெண்மணி.

இப்பெட்டி பிறந்ததற்கு ஒரு மனக்குறையே காரணம். அம்மையாரின் இளமைக் காலத்தில் லாகூரில் ஆண்கள் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்வர். பெண்கள் இல்லத்திலேயே தொழுவர். எழில்மிகு அவ்விறையில்லங்களின் உட்புறம் தமக்கு உரியதாக இருந்ததில்லை என்பதை அவர் மறைத்ததில்லை. 2011இல் ஸ்பெயின் சென்றபோது கிரனாடாவின் அல்ஹம்ப்ரா மாளிகையைக் கண்டார். 1492வரை முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட இடம் அது. 'அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவருமில்லை' என்னும் வாசகம் அதன் சுவர்களில் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டுள்ளது. அங்கே ஆண், பெண் என்றோ, எம்மதத்தவர் என்றோ எவரும் தடுக்கப்படவில்லை. வியப்பும் பழைய ஏக்கமும் அவருள்ளத்தில் ஒருங்கே எழுந்தன.

பெண்களைப் பள்ளிவாசல்களிலிருந்து தடுக்காதீர் என்னும் நபிமொழியை நாம் அறிவோம். எனினும் பெண்களுக்கெனத் தொழுமிடம் ஒதுக்காத மஹல்லாக்கள் நம்மிடையேயும் பல உண்டு. லாகூரை மட்டும் குறை சொல்வானேன்?

அம்மையார் கையாண்ட உத்தி எளியது. ஒளி நேர்கோட்டில் செல்வது. சுவர் விலகியிருக்கும் அளவுக்குக் கோலமும் பெரிதாகும். விளக்கு சிறியதாக இருந்தாலே நிழலின் விளிம்பு கூர்மையாக விழும். இரண்டு விளக்குகளை வைத்தால் கோலங்கள் ஒன்றையொன்று கலைத்துவிடும். உருவமேதும் தீட்டாமல், நம் முன்னோர் பலகணிகளில் செய்த சல்லடை வேலையையே அவர் பெட்டியாக மடித்திருக்கிறார் எனலாம். அறைக்குள் நுழைவோர் வெள்ளையராயினும் கறுப்பராயினும், அவர்தம் முகத்திலும் ஆடையிலும் அதே கொடிகள் படர்கின்றன. தனியே நின்று பார்க்கும் இடம் அங்கு எவருக்குமில்லை.

பொதுமக்கள் வாக்களித்து அப்படைப்புக்கே முதற்பரிசளித்தனர். நடுவர்களின் முதற்பரிசும் அதற்கும் மற்றொரு படைப்புக்குமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 3 லட்சம் டாலர். தொகை பெரிதுதான். எனக்கோ, முஸ்லிம் என்றாலே ஐயுறவு மிகுந்திருந்த அந்நாட்டில், பள்ளிவாசலையே கண்டிராத பலர் அந்நிழலில் நின்று வாக்களித்ததே பெரிதாகத் தோன்றுகிறது.

அதன்பின் எஃகுத் தகடுகளிலும் அம்மையார் இத்தகைய பெட்டிகளைச் செய்துள்ளார். அவற்றிலும் உள்ளே விளக்கு ஒன்றே.