படகு கரை சேர்ந்தாச்சு, மனசு?

ராமேஸ்வரம் போறப்போ பாம்பன் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி மண்டபம் வரும். நம்மில் பலருக்கு அது ஜன்னல் வழியா பார்த்த ஒரு ஸ்டேஷன். ஆனா, 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகுல தப்பி வந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, இந்தியாவுல முதல் கூரை மண்டபம் முகாம்தான்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் கடல். தாண்டியாச்சுன்னா ஆபத்து முடிஞ்சுது, இல்லையா? அது உடம்புக்கு உடனே புரியாதுங்க.

உயிருக்கு ஆபத்துன்னா மூளையில இருக்கிற அமிக்டலா அபாய மணி அடிக்கும். நெஞ்சு படபடக்கும், ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். சிலர் அப்படியே உறைஞ்சு போவாங்க. ஆபத்து போனதும் மணி நிக்கணும். சிலருக்கு நிக்கிறதில்லை. தீபாவளி வெடி கேட்டா குண்டுச் சத்தம்தான் ஞாபகம் வரும். அதுவும் பழைய ஞாபகமா இல்லாம, இப்போ நடக்கிற மாதிரியே வரும். தூக்கம் கெடும். ஒரு மாசத்துக்கு மேல இப்படி நீடிச்சு அன்றாட வாழ்க்கையைக் குலைச்சா, பி.டி.எஸ்.டி.யா இருக்கலாம். கொடுமையைப் பார்த்த எல்லாருக்கும் இது வராது. பெரும்பாலானவங்க ஆதரவு கிடைச்சா மெல்ல மீண்டுடுவாங்க.

போர்க்காலத்துல யாழ்ப்பாணத்திலேயே இருந்து சிகிச்சை செஞ்ச மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 'கூட்டு மனவடு' பத்தி விரிவா எழுதியிருக்கார். காயம்படுறது தனி மனுஷன் மட்டும் இல்லை. குடும்பம், ஊர், ஒருத்தர் மேல ஒருத்தர் வெச்ச நம்பிக்கை எல்லாமே உடையுது. அதனால கவுன்சலிங் அறையில மட்டும் இது சரியாகாது. செத்தவங்களுக்குச் செய்யாம விட்ட சடங்கு, அக்கம்பக்கம், பிள்ளைகளோட பள்ளிக்கூடம், இதெல்லாமும் மருந்துதான்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல மீட்சியை மூணு கட்டமா பிரிச்சாங்க: முதல்ல பாதுகாப்பு, அப்புறம் நடந்ததை நினைச்சு துக்கப்படுறது, கடைசியா மறுபடி மனுஷங்களோட சேர்றது. சிக்கல் முதல் கட்டத்துலேயே இருக்கு. முகாம்லேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் இருக்காங்க. 2021-ல தமிழ்நாடு அரசு 'மறுவாழ்வு முகாம்'னு பேரை மாத்துச்சு. ஆனா, நாளைக்கு எங்க இருப்போம்னே தெரியாதப்போ அபாய மணி எப்படி நிக்கும்? உறுதியான வீடும், கையில ஒரு அடையாளத் தாளும் கூட சிகிச்சையோட பகுதிதான்.

உங்க நண்பர் யாராவது இப்படி எதையாவது கடந்து வந்திருந்தா, "என்ன நடந்துச்சு, சொல்லு"ன்னு துருவாதீங்க. "மறந்துடு"ன்னும் சொல்லாதீங்க. சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களான்னு கேளுங்க. அவங்களா பேசினா குறுக்கிடாம கேளுங்க. தேவைப்பட்டா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்லேயே பேசலாம்.