வடசென்னைக் கடலோர அமர்விடங்கள்

வடசென்னைக் கடலோர அமர்விடங்கள் என்பவை, சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியில் மக்கள் ஓய்வாக உட்காரப் பயன்படுத்தும் பொது இடங்கள் ஆகும். கரையோரக் கற்குவியல், வலை பின்னும் கூடம், பூங்கா, தேநீர்க் கடைப் பலகை என இவை பலவகைப்படும். பெரும்பாலானவை உட்காருவதற்கென்று அமைக்கப்பட்டவை அல்ல. துறைமுகத்திற்குத் தெற்கே மெரீனாவில் அகன்ற மணற்பரப்பு உள்ளது. வடக்கே அவ்வாறு இல்லாததற்கும் அதே துறைமுகமே முதன்மைக் காரணம்.

மணலின் இடமாற்றம்

அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் இந்நகர்வு நிகழும். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிச் செல்லும் மணலே மிகுதி. 1870களில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் இதற்குக் குறுக்கே நின்றன. மணல் தெற்கே தேங்கிக் கடற்கரை அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கு உலாவும் சாலை அமைத்து, மெரீனா எனப் பெயரிட்டார். வடக்கிலோ, கடல் கொண்டுசென்ற மணலுக்கு ஈடாக வேறு மணல் வந்து சேரவில்லை. கரை உள்வாங்கியது; மீனவர் குப்பங்களின் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின.

கற்கள்

அரிப்பைத் தடுக்கக் கரையில் பாறாங்கற்கள் கொட்டப்பட்டன. பின்னர் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் அமைக்கப்பட்டன. இவற்றின் இடையே சில இடங்களில் மணல் மீண்டும் சேர்ந்துள்ளது. மாலை வேளைகளில் இக்கற்களின் மீது மக்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம். ஆனால் அலையின் வேகத்தை உறிஞ்சுவதற்காக இடைவெளிகளுடன் அடுக்கப்பட்ட கற்கள் இவை. முதியோரும் குழந்தைகளும் ஏறி இறங்குவது கடினம். பாசி படிந்த கல் வழுக்கும். கல்லை அடைவதற்கு முன் எண்ணூர் விரைவுச் சாலையைக் கடந்தாக வேண்டும். துறைமுகத்திற்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் அங்கு நீண்ட வரிசையில் நிற்பதுண்டு. அவற்றின் ஓட்டுநர்களுக்கு வண்டியின் நிழலே அமர்விடம்.

சும்மா இருத்தலும் தொழிலும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அமர்ந்திருப்போர் அனைவரையும் வேலையற்றோர் எனக் கொள்வது பிழை. வலையைப் பழுது பார்ப்பது உட்கார்ந்தே செய்யும் தொழில். காற்றையும் நீரோட்டத்தையும் கவனித்துக் கடலுக்குப் போவதா வேண்டாமா என முடிவு செய்வதும் கரையில்தான். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை உண்டு. 2017க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது. அந்நாட்களில் படகும் வலையும் செப்பனிடப்படுகின்றன. ஆகவே கரை இழப்பு என்பது ஓய்விடத்தின் இழப்பு மட்டுமன்று. வலை விரிக்கவும் படகு ஏற்றி வைக்கவும் மணல் இல்லாத குப்பங்களில் இவ்வேலைகள் சாலையோரத்திற்கு நகர்ந்துள்ளன.

பிற இடங்கள்

இராயபுரத்தின் ராபின்சன் பூங்கா இன்று அறிஞர் அண்ணா பூங்கா எனப்படுகிறது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் மழைக்கிடையே இங்குதான் நடைபெற்றது. தேநீர்க் கடைப் பலகைகளில் பெரும்பாலும் ஆண்களையே காணமுடியும். பெண்கள் வீட்டு வாசற்படிகளில் அமர்வர். குறுகிய தெருக்களில் கேரம் பலகையைச் சுற்றி அமர்வதும் வழக்கம். பொழுதைக் கழிக்கும் விளையாட்டு எனக் கருதப்பட்ட இதில், புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார்.